மைக்ராஸ்கோப்பை நம்பி ஆராய்ச்சிக்குப் போவதா? உயிரியல், மெட்டீரியல்ஸ், கருவிக்கூடம்: ஓர் ஒப்பீடு

எம்.எஸ்சி. முடிக்கப்போகிறவர்களும் பி.டெக். கடைசி வருடத்தில் இருப்பவர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எனக்கு மைக்ராஸ்கோப்பி ரொம்பப் பிடிக்கும், அதிலேயே பிஎச்.டி. செய்யலாமென்று இருக்கிறேன், உயிரியல் பக்கம் போகவா, மெட்டீரியல்ஸ் பக்கம் போகவா?" பிடித்துப்போனது எது என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பச்சையும் சிவப்புமாக ஒளிரும் செல், அல்லது வரிசை பிசகாமல் நிற்கும் அணுக்கள். அந்தப் படத்தை எடுக்கச் சில நிமிடம் போதும், ஆனால் அதற்கு முன்னால் சாம்பிள் தயாரிப்பில் வாரக்கணக்கும் அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் மாதக்கணக்கும் போயிருக்கும். அதனால் படத்தை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தச் சாம்பிள் வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வீர்கள், எந்த மாதிரி டேட்டாவோடு மல்லுக்கட்டப் பொறுமை இருக்கிறது, ஐந்தாறு வருடம் கழித்து வெளியே வரும்போது எந்தக் கதவு திறந்திருக்கும், இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் க்ரையோ-இ.எம்., அதாவது சாம்பிளை உறைய வைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி, ஏனென்றால் இப்போது எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். சுத்தப்படுத்திய புரதத்தை 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வலைத்தகட்டில் ஒரு சொட்டு விட்டு, கூடுதல் நீரைத் தாளால் ஒற்றி எடுத்து, திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஈத்தேனுக்குள் சட்டென்று இறக்கினால், தண்ணீருக்குப் பனிப்படிகமாக மாற நேரம் இருக்காது, கண்ணாடிபோல் உறைந்துவிடும். அந்த மெல்லிய படலத்துக்குள் பல திசைகளில் புரண்டு கிடக்கும் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைப் படமெடுத்து, கணக்குப் போட்டு முப்பரிமாண வடிவத்தை எழுப்புவதுதான் வேலை. இதற்கு ழாக் துபோஷே, ஜோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது. ஹெண்டர்சன் 1975இல் நைஜல் அன்வினோடு சேர்ந்து ஒரு சவ்வுப் புரதத்தின் முதல் முப்பரிமாண வடிவத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தவர், அதன் அணு அளவிலான மாதிரி வரவே 1990 ஆகிவிட்டது. நடுவில் இந்தத் துறையை வெறும் உருண்டைகளைப் பார்க்கும் வேலை என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. எலக்ட்ரானை நேரடியாகப் பதிவு செய்யும் புதிய கேமராக்கள் வந்ததும் கதை மாறியது. 2013 டிசம்பரில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தின் வடிவம் 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்) துல்லியத்தில் வந்தது, மிளகாய்க் காரத்தை நரம்புக்குச் சொல்லும் புரதம் அதுதான். எக்ஸ்-ரே முறைக்குத் தேவைப்படுவதுபோல் புரதத்தைப் படிகமாக்காமலே வந்தது என்பதுதான் அன்று எல்லாரையும் உட்கார வைத்த செய்தி.

சரி, உள்ளே போனால் அன்றாடம் எப்படி இருக்கும்? முக்கால்வாசி நாள் நீங்கள் பயோகெமிஸ்ட். புரதம் உடையாமல், ஒட்டிக்கொள்ளாமல், போதுமான அளவு கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் வலைத்தகட்டில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் போய்ச் சிதையும், இல்லையென்றால் பனி தடித்துவிடும். இதைத் தாண்டினால்தான் 300 கிலோவோல்ட் டைட்டன் க்ரியாஸ் மாதிரி கருவியில் நேரம் கேட்க முடியும், கேட்டாலும் ஒன்றிரண்டு நாள்தான் கையில் வரும். அதில் சேரும் டேட்டா டெராபைட் கணக்கில், அப்புறம் ரெலியான், க்ரையோஸ்பார்க் என்று படங்களைச் சேர்க்கும் மென்பொருள்களோடு ஜி.பி.யு. முன்னால் உட்கார வேண்டியதுதான். இந்தியாவில் பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் இதற்கென்று தேசிய அளவிலான வசதி இருக்கிறது, வேறு சில நிறுவனங்களும் கருவி வாங்கியிருக்கின்றன. ஆனால் கருவி இருக்கும் ஊரில் இருப்பதும் கருவியில் நேரம் கிடைப்பதும் வேறு வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இதை மறைத்துத்தான் ஆள் சேர்க்கிறார்கள். புரத வடிவத்தைக் கணினியிலேயே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதே தீசிஸ் என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2024 வேதியியல் நோபலே அந்தப் பக்கம்தான் போனது. க்ரையோ-இ.எம். செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பல புரதங்கள் சேர்ந்த பெரிய கூட்டமைப்புகள், மருந்து மூலக்கூறு ஒட்டும்போது நடக்கும் அசைவு, பல கோணங்களில் படமெடுத்துச் செல்லுக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் டோமோகிராபி, இவையெல்லாம் கணிப்பால் மட்டும் முடிகிற காரியமில்லை. ஆகவே க்ரையோ-இ.எம். ஆய்வகத்தில் இடம் கிடைத்தால், உங்களுக்குக் கொடுக்கப்போகும் ப்ராஜெக்ட் பழைய வகையா புதிய வகையா என்று கேளுங்கள். வேலை என்று பார்த்தால் அமெரிக்கா, ஐரோப்பாவில் மருந்து கம்பெனிகள் இந்தத் திறமையை நேரடியாக எடுக்கின்றன, இந்தியாவில் அப்படிப்பட்ட இடங்கள் இன்னும் குறைவு. ஊரைவிட்டுப் போகத் தயாரில்லை என்றால் இந்தப் பாதையில் உங்கள் கதவு பெரும்பாலும் பேராசிரியர் வேலை ஒன்றுதான், அதற்கான வரிசை நீளம்.

லைட் மைக்ராஸ்கோப்பி வேறு குணம் கொண்டது. இங்கே சாம்பிள் உயிரோடு இருக்கும், அதனால் உங்கள் நேரத்தை அதுதான் முடிவு செய்யும். செல் எப்போது பிரிகிறதோ அப்போது நீங்கள் கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் அறையில் இருக்க வேண்டும், கரு வளர்ச்சி பார்க்கிறவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது சாதாரணம். ஒளியைக் கூட்டினால் படம் நன்றாக வரும், ஆனால் செல் செத்துவிடும். இந்தப் பேரம் தினமும் நடக்கும். இதற்குக் கீழே ஒளியால் பிரித்துப் பார்க்க முடியாது என்று எர்ன்ஸ்ட் அப்பே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1873இல் சொன்ன 200 நானோமீட்டர் எல்லையைத் தாண்டியதற்காக 2014இல் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருக்கு நோபல் கொடுத்தார்கள். அதில் பெட்சிக் கதை இங்கே பொருந்தும். பெல் லேப்ஸை விட்டு விலகி, அப்பாவின் இயந்திரக் கருவி கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் நண்பர் ஹெரால்ட் ஹெஸ் வீட்டு வரவேற்பறையில் வைத்துத் தன் மைக்ராஸ்கோப்பைக் கட்டினார். கட்டுரை வந்தது 2006இல். லென்ஸையும் லேசரையும் கையால் கோத்துக் கருவி கட்டுகிறவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் இடம் இருக்கிறது, இயற்பியல் படித்த பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. உயிரியல் படித்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெறும் படம் எடுக்கத் தெரிந்தவராக நின்றுவிடாதீர்கள், பைத்தானும் பட அலசலும் கற்றுக்கொள்ளுங்கள். ஃபிஜி என்ற மென்பொருளில் கையால் ஒவ்வொரு செல்லாகக் கோடு போட்டுக்கொண்டிருந்த வேலையை இப்போது செல்போஸ் மாதிரி மென்பொருள் செய்துவிடுகிறது, அது எங்கே தப்பு செய்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

இப்போது மெட்டீரியல்ஸ். என் சாய்வு இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

உலோகம், செராமிக், பேட்டரி, செமிகண்டக்டர், எதுவானாலும் டெம்மில் (எலக்ட்ரானை ஊடுருவ விட்டுப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில்) பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்க வேண்டும், ஏறக்குறைய 100 நானோமீட்டருக்குக் கீழே. தேய்த்து, குழித்து, அயனிக்கற்றையால் செதுக்கி, கடைசி நேரத்தில் சாம்பிள் உடைந்து சிதறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு நிம்மதி உண்டு: உங்கள் சாம்பிள் அழுகாது, சாகாது, பெட்டியில் போட்டு வைத்தால் பெரும்பாலும் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் (லித்தியம் பேட்டரி ஆட்கள் இதற்கு விதிவிலக்கு, காற்றுப் பட்டாலே போச்சு). பயோ பக்கம் எலக்ட்ரான் கதிரே சாம்பிளைக் கொல்வதால் மங்கலான லட்சம் படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள், உலோகத்தில் அதே இடத்தை மணிக்கணக்கில் சாய்த்துத் திருப்பிப் பார்க்கலாம். அதனால் மூளை போகும் இடமும் வேறு. இங்கே டிஃப்ராக்‌ஷன் வடிவத்தை (எலக்ட்ரான் சிதறி விழும் புள்ளிக்கோலத்தை) பார்த்த மாத்திரத்தில் எந்தத் திசை, எந்தப் படிகம் என்று யோசிக்கிற பழக்கம் வர வேண்டும், அது பாடப்புத்தகத்தால் வராது, உட்கார்ந்து பழகித்தான் வரும்.

அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு டான் ஷெக்ட்மனைவிட நல்ல உதாரணம் இல்லை. 1982 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவில் அலுமினியம்-மாங்கனீஸ் கலவை ஒன்றை டெம்மில் பார்த்துக்கொண்டிருந்தபோது, படிகவியல் விதிப்படி இருக்கவே கூடாத பத்து மடங்குச் சமச்சீர் (பத்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அதே வடிவம்) தெரிந்தது. கருவிக்கோளாறு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. கட்டுரை வெளிவர 1984 ஆனது, லைனஸ் பாலிங் மாதிரி பெரிய மனிதர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள், 2011இல் நோபல் தனியாக இவருக்கே வந்தது. மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தவரே கேள்வியையும் கண்டுபிடித்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். கருவியை ஆபரேட்டரிடம் விட்டுவிட்டு ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் போகிறவருக்கு இது நடந்திருக்காது.

நம் ஊரைச் சுற்றிப் பார்த்தாலும் மெட்டீரியல்ஸ் பக்கம் பிடிமானம் அதிகம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 500 மெகாவாட் வேக ஈனுலை என்ற அணு உலைக்குள் எரிபொருளைச் சுற்றியிருக்கும் எஃகுக் குழாய் நியூட்ரான் அடியில் உள்ளுக்குள் நானோமீட்டர் அளவில் வெற்றிடங்கள் விழுந்து உப்பும், எந்தக் கலவையில் எவ்வளவு உப்பும் என்பதை டெம்மில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆட்டம் ப்ரோப் டோமோகிராபிக்கான தேசிய வசதி இருக்கிறது. ஊசிமுனையாகச் செதுக்கிய சாம்பிளில் இருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எது எங்கே இருந்தது என்று வரைபடம் போடும் கருவி அது, வேறு ஊரிலிருந்தே இயக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இதன் முன்னோடியான ஃபீல்ட் அயன் மைக்ராஸ்கோப்பில் 1955இல் எர்வின் முல்லரோடு சேர்ந்து முதன்முதலாக அணுக்களைப் படமாகப் பார்த்தவர் கன்வர் பகதூர் என்ற இந்திய மாணவர், இந்தத் தகவல் நம் பிள்ளைகளுக்கு ஏனோ போய்ச் சேரவே இல்லை. துறை எவ்வளவு அகலம் என்றால், கீழடிப் பானை ஓட்டின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள், அதுவும் இதே கருவிகளின் வேலைதான்.

வேலைவாய்ப்பு என்று வந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். எஃகு கம்பெனி, ஜெட் எஞ்சின் உலோகம், பேட்டரி, பெயின்ட், பூச்சு என்று எங்கே பொருள் உடைகிறதோ அங்கே ஒரு மைக்ராஸ்கோப் ஆள் தேவைப்படுகிறார். சிப் தொழிற்சாலைகளில் பழுதான டிரான்சிஸ்டரைத் தேடி, அயனிக்கற்றையால் செதுக்கும் ஃபிப் கருவியால் அந்த இடத்தை மட்டும் மெல்லிய இதழாக வெட்டி, டெம்மில் பார்க்கிற வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், தைவான், சிங்கப்பூர், அமெரிக்காவில் அது முழுநேரத் தொழில். குஜராத்தில் இப்போது வந்துகொண்டிருக்கும் ஆலைகளிலும் இந்த வேலை வரும், எத்தனை பேருக்கு என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் சிப் ஆலை வேலை ஆராய்ச்சி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் உண்டு, நாளைக்குள் ரிசல்ட் வேண்டும் என்பார்கள், பேப்பர் எழுத விடமாட்டார்கள்.

மூன்றாவது வழி கருவிக்கூடம். யாரும் முதல் விருப்பமாகச் சொல்வதில்லை, ஆனால் நான் பார்த்தவரை மைக்ராஸ்கோப்பை உண்மையாகவே காதலிக்கிறவர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் இதுதான். ஒரு நிறுவனத்தின் பொதுக் கருவிகளைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் சாம்பிளில் எதைப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லி, ஒரே வாரத்தில் காலையில் எலி மூளை, மதியம் நானோ துகள், மறுநாள் வாழையிலைப் பூஞ்சை என்று மாறி மாறி வேலை செய்யலாம். ஒரே கேள்வியோடு ஆறு வருடம் குடும்பம் நடத்த முடியாதவர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. பிரச்சினை ஏணியில் இருக்கிறது. இந்தியாவில் பல இடங்களில் இந்தப் பதவி ப்ராஜெக்ட் காசில் ஓடும் ஒப்பந்த வேலை. பிஎச்.டி. முடித்தவரையும் டெக்னீஷியன் மாதிரி நடத்தும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பேப்பரில் பெயர் போடுவதா நன்றி மட்டும் சொல்வதா என்ற சண்டை ஓயாது. வெளிநாட்டில் நிலைமை கொஞ்சம் மேல், சான் ஸக்கர்பெர்க் அமைப்பு 2019 முதல் இப்படிப்பட்ட இமேஜிங் விஞ்ஞானிகளுக்கென்றே நிதி கொடுத்தது, ஐரோப்பாவில் இதைத் தனித் தொழிலாகவே மதிக்கிறார்கள். இங்கே நிரந்தரப் பதவி என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தால் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள், வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்றால் அதை இரண்டு மூன்று வருடப் பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவி விற்கும் கம்பெனிகள், அதாவது தெர்மோ ஃபிஷர், சைஸ், ஜியால், லைக்கா மாதிரி இடங்கள், அப்ளிகேஷன் விஞ்ஞானி என்று ஆள் எடுக்கும். சம்பளம் கல்வி நிறுவனத்தைவிட நன்றாக இருக்கும், பெட்டி எப்போதும் கட்டியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சர்வீஸ் எஞ்சினியர் வேலைக்கு பிஎச்.டி. கூடத் தேவையில்லை, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கே அங்கே மவுசு.

காசு விஷயத்தையும் பேசிவிடலாம். இந்தியாவில் பிஎச்.டி. மாணவருக்கு முதலில் கிடைக்கும் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். 42,000, இதற்குமேல் வீட்டு வாடகைப் படி. உயிரியலானாலும் மெட்டீரியல்ஸானாலும் தொகை ஒன்றுதான், ஆகையால் பிஎச்.டி. காலத்துக் காசை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு: உயிரியலில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) கிட்டத்தட்டக் கட்டாயம், அதுவே மூன்று நான்கு வருடம் இழுக்கும். மெட்டீரியல்ஸில் பிஎச்.டி. முடித்த கையோடு கம்பெனிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் கடன், தங்கை கல்யாணம், அப்பா ரிட்டயர்மென்ட் என்று இருப்பவர்களுக்கு இந்த மூன்று நான்கு வருடம் சின்ன விஷயமில்லை, அதைக் கணக்கில் எடுப்பதால் ஆராய்ச்சி மேல் உங்களுக்குள்ள ஆர்வம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வர முடியாதா என்று கேட்பார்கள். வரலாம், ஆனால் பாதை ஒருவழிச் சாலை மாதிரி. இயற்பியல், மெட்டீரியல்ஸ் படித்துவிட்டு உயிரியலுக்குப் போனவர்கள் ஏராளம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் 1976இல் பிஎச்.டி. வாங்கிய பிறகுதான் உயிரியலை மாணவராக உட்கார்ந்து படித்தார், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தை எக்ஸ்-ரே படிகவியலால் கண்டு 2009இல் நோபல் வாங்கினார், அதற்குப் பிறகும் அவர் ஆய்வகம் க்ரையோ-இ.எம்.முக்கு மாறியது. கேள்வி அப்படியே இருந்தது, கருவிதான் மாறியது. சிப் வெட்டப் பயன்பட்ட அதே ஃபிப் கருவியைத்தான் இப்போது உறைந்த செல்லை 200 நானோமீட்டர் தகடாகச் சீவப் பயன்படுத்துகிறார்கள், அந்த வேலை தெரிந்த மெட்டீரியல்ஸ் ஆளுக்கு க்ரையோ டோமோகிராபி ஆய்வகங்களில் நல்ல வரவேற்பு. எதிர்த்திசையில் உயிரியல் படித்துவிட்டு உலோகத்துக்கு வருகிறவரை அபூர்வமாகத்தான் பார்க்கலாம், கணக்கும் படிகவியலும் குறுக்கே நிற்கும்.

ஆகையால் இயற்பியல், வேதியியல், எஞ்சினியரிங் படித்தவருக்குத் துறை பற்றி உறுதி இல்லையென்றால் மெட்டீரியல்ஸில் தொடங்கச் சொல்வேன். உயிரியல் படித்தவருக்கு, செல்லோ நோயோ ஏதோ ஒரு கேள்வி தூக்கத்தில்கூட விடாமல் துரத்தினால் லைட் மைக்ராஸ்கோப்பி அல்லது டோமோகிராபி. கேள்வி எதுவும் துரத்தவில்லை, கருவிதான் இழுக்கிறது என்றால், தயவுசெய்து ஆறு வருட பிஎச்.டி.யில் நேரடியாகக் குதிக்காமல் ஒரு கருவிக்கூடத்தில் ப்ராஜெக்ட் வேலை வாங்கி ஒரு வருடம் இருந்து பாருங்கள்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஃபெல்லோஷிப் இருக்கிறது, கல்பாக்கத்தில் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடக்கிறது, பெங்களூருவில் என்.சி.பி.எஸ்.ஸில் மைக்ராஸ்கோப்பி பயிலரங்கம் நடத்துகிறார்கள். போகிற இடத்தில் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள், சாம்பிள் தயாரிப்பதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கருவியின் பதிவேட்டைப் பாருங்கள், மாணவர்கள் பெயர் இருக்கிறதா, ஆபரேட்டர் பெயர் மட்டும்தானா? கடைசியாக வெளியே போன மூன்று மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பேராசிரியரிடம் கேட்காமல் அங்கிருக்கும் சீனியரிடம் டீக்கடையில் கேளுங்கள். அப்புறம் கருவிக்கு ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறதா என்று ஒரு வார்த்தை. வாரன்டி முடிந்ததும் பராமரிப்புக்குக் காசில்லாமல் துணி போர்த்தி நிற்கும் டெம்கள் இந்த நாட்டில் இருக்கின்றன, அதை நம்பிச் சேர்ந்தால் உங்கள் மூன்றாம் வருடம் முழுக்க இன்னொரு ஊரில் ஸ்லாட் கேட்டு மெயில் எழுதுவதிலேயே போய்விடும்.